நல்ல விலை வந்தால்…

அடுக்குமாடிக் குடியிருப்பு என்று ஒன்று இருந்தால் அதில் இவர் ஒருவர் இருந்தே தீருவார். எங்கள் குரோம்பேட்டைக் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் இருக்கிறார். மத்திய அரசுப் பணியில் ஓய்வு பெற்றவர். பெயரைச் சொல்லி விசாரித்தால் வாட்ச்மேன் விழிப்பார். 'நல்ல விலை சார்' என்றால் பால் பாக்கெட் போடும் பையன்கூடக் கைகாட்டுவான். வீட்டில் வேண்டாத சாமான் என்று யார் பேச்செடுத்தாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: "நல்ல விலை வந்தா கொடுத்துடலாம்."

அந்த நல்ல விலை இன்னும் வந்து சேராததால் அவர் வீட்டில் நிரந்தரமாகத் தங்கிவிட்டவை: முதுகு புடைத்த 21 இஞ்ச் கலர் டிவி ஒன்று, கோயமுத்தூர் கிரைண்டர் ஒன்று, கால் ஊறிப்போன கம்ப்யூட்டர் மேசை ஒன்று, துவைத்த துணி காயப்போடும் உடற்பயிற்சி சைக்கிள் ஒன்று, மாமியார் வீட்டுச் சீராக வந்த பித்தளை அண்டா ஒன்று. மழை தூறினால் பால்கனியிலிருந்து முதலில் உள்ளே வருவது டிவி. கொடியில் கிடக்கும் துணி அதற்கு அப்புறம்தான். பரணில் இவை ஒவ்வொன்றும் வந்திறங்கிய அட்டைப்பெட்டி, தெர்மோகோலோடு பத்திரமாக இருக்கிறது. பில்லும் உத்தரவாத அட்டையும் தனி ஃபைலில். உத்தரவாதம் கொடுத்த கடை இப்போது இல்லை.

விலை நிர்ணயிப்பதில் அவருக்கென்று ஒரு கணக்கு உண்டு. டிவியை 1996 உலகக் கோப்பைக் கிரிக்கெட்டுக்காக வாங்கினார். "அன்னிக்கு இந்தக் காசுக்கு நாலு பவுன் வாங்கியிருக்கலாம். நாலு பவுன் இன்னிக்கு என்ன விலை? நீங்களே சொல்லுங்க." நாம் சொல்ல மாட்டோம். "அதுல பாதிகூட நான் கேக்கல," என்று அவரே இறங்கி வருவார். வாங்க வருகிறவரிடம் டிவியின் சிறப்பம்சமாக அவர் எடுத்துச் சொல்வது, கல்கத்தாவில் இலங்கையோடு நடந்த அரையிறுதியில் ரசிகர்கள் பாட்டில் வீசியதைத் தாம் இந்த டிவியில்தான் பார்த்தார் என்பதை. அதற்குத் தனியாக விலை போட்டிருக்கிறாரா என்று தெரியாது.

இந்தக் குணத்துக்கு அவரை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்டு தேலர் என்ற மூவர் 1990இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். மாணவர்களில் ஒரு பிரிவுக்குக் காபிக் குவளையைச் சும்மா கொடுத்து, எவ்வளவுக்கு விற்பாய் என்று கேட்டார்கள். இன்னொரு பிரிவிடம், எவ்வளவுக்கு வாங்குவாய் என்று கேட்டார்கள். குவளை கையில் இருந்தவர்கள் கேட்டது ஏழு டாலருக்கு மேல். வாங்க வேண்டியவர்கள் தர முன்வந்தது மூன்று டாலருக்கும் கீழே. பின்னாளில் இந்த மூவரில் இருவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. இனாமாக வந்து அரை நாள்கூட ஆகாத குவளைக்கே இந்தப் பாசம் என்றால், பில்லோடு வாங்கிய டிவிக்கு எவ்வளவு இருக்கும்!

அவர் பார்வையில் டிவியின் விலை போனதற்குக் காரணம் தமிழக அரசு. 2006 தேர்தலுக்குப் பிறகு வந்த ஆட்சி இலவசமாகக் கலர் டிவி கொடுத்தது. "சரி, கிரைண்டராவது போகும்னு இருந்தேன். 2011ல அடுத்த ஆட்சி வந்து மிக்சி, கிரைண்டர், ஃபேன்னு கொடுத்துட்டாங்க." இரண்டு கட்சிகளும் ஒன்றுசேர்ந்து செய்த காரியம் தம்முடைய பால்கனியைக் குறிவைத்தது மட்டும்தான் என்பது அவர் கட்சி.

பழைய பேப்பர்காரர் வரும் நாள் எங்கள் குடியிருப்பில் ஒரு திருவிழா. ஆங்கிலப் பேப்பருக்குத் தமிழ்ப் பேப்பரைவிடக் கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய் கூடக் கிடைக்கும் என்பதால், அவர் இரண்டையும் தனித்தனியாகக் கட்டி, தம் வீட்டுத் தராசில் முன்கூட்டியே நிறுத்து, எடையைப் பென்சிலால் எழுதிவைத்திருப்பார். பேப்பர்காரர் தராசில் முந்நூறு கிராம் குறையும். அங்கே ஆரம்பிக்கும் வழக்கு. வாதம் நீள நீள வெயில் ஏறும். மனிதாபிமானம் உள்ளவர் என்பதால் பேப்பர்காரருக்கு ஒரு காபி வரும், இன்னும் நீண்டால் இரண்டு இட்லியும் வரும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று அவர் மனைவி உள்ளேயிருந்து சொல்வது எங்களுக்கெல்லாம் கேட்கும். அவருக்கு மட்டும் கேட்காது.

ஒருநாள் அந்தப் பேப்பர்காரரே டிவியின் முதுகைத் தட்டிப் பார்த்து விளக்கினார்: "சார், உள்ளே காயில்ல கொஞ்சம் செம்புக் கம்பி இருக்கும். எனக்கு அதுதான் காசு. பிக்சர் ட்யூப் கண்ணாடியில ஈயம் கலந்திருக்கு, அதை யாரும் எடுக்க மாட்டாங்க. நூத்தம்பது தரேன்."

"ஏம்பா, ஓடுற டிவிப்பா இது!"

"ஓடினா நூத்தம்பது சார். ஓடலைன்னாலும் அதே நூத்தம்பது."

அன்று மத்தியானம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று கேள்வி.

தீபாவளிக்கு ஒரு கடையில் எக்ஸ்சேஞ்ச் சலுகை போட்டார்கள். பழைய டிவி எதுவானாலும் ஆயிரத்தைந்நூறு. ஊரே கொண்டுபோய்த் தள்ளியது. இவர் ரிமோட், பில், அட்டைப்பெட்டி சகிதம் ஆட்டோ பிடித்துப் போனார். போன வேகத்தில் டிவியோடு திரும்பினார். "அந்தப் பையன் ப்ளக்கைச் செருகிக்கூடப் பார்க்கல சார். ஓரமா வெச்சிடுங்கங்கறான்!" கழிக்கிற தொகையைப் புது டிவியின் விலையிலேயே ஏற்றி வைத்திருப்பார்கள், பழசு ஓடினால் என்ன, படுத்தால் என்ன என்று நான் எடுத்துச் சொன்னேன். அவர் கேட்டது தொகையைப் பற்றி அல்ல. படம் எவ்வளவு துல்லியம் என்று ஒரு மனிதன், ஒரே ஒரு மனிதன், பார்த்துச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லிவிட்டு ஆயிரம் ரூபாய் நீட்டியிருந்தால்கூடக் கொடுத்திருப்பாரோ என்னவோ.

மகன் சொல்லிக்கொடுத்து, கைப்பேசியில் படமெடுத்து இணையத்தில் விளம்பரம் போட்டார். வணக்கமும் இல்லாமல், எந்த ஊர் என்றும் சொல்லாமல், "கடைசி விலை என்ன?" என்று நாற்பது பேர் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் 1996இலிருந்து தொடங்கிப் பதில் எழுதினார். ஒருவர் மட்டும் பேரமே பேசவில்லை. தாம் ராணுவத்தில் இருப்பதாகவும், இடமாற்றல் வந்திருப்பதாகவும், கேட்ட விலையை உடனே அனுப்புவதாகவும் சொன்னார். நாடறிந்த மோசடி இது. பணம் வருவதாகச் சொல்லி ஒரு கியூஆர் கோடு அனுப்புவார்கள். ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போட்டால் நம் கணக்கிலிருந்து பணம் போய்விடும். யுபிஐயில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. ஆனால் நம்மவர் தப்பித்தது இந்த அறிவால் அல்ல. ஒருவன் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்கிறான் என்றால் விலையைக் குறைத்துச் சொல்லிவிட்டோம் என்றுதானே அர்த்தம்? ஆயிரம் ஏற்றினார். அவன் அதற்கும் சரி என்றான். இன்னும் இரண்டாயிரம் ஏற்றினார். அதற்கும் சரி. உலகக் கோப்பைக் கதையை ஆரம்பித்தார். எதிர்முனை அடங்கிவிட்டது. அவனை ஓட வைத்த ஒரே ஆள் தாம்தான் என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது. "நல்ல பார்ட்டி, கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்" என்பார்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் இதே மாதிரி டிவி அறுநூறுக்குக் கிடந்ததை நான் சொன்னபோது, "அதுக்கு ரிமோட் இருந்துதா?" என்று ஒரே கேள்வியில் என்னை மடக்கினார். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் சும்மாவே எடுத்துக்கொள்ளும்படி மனைவி கேட்டுப் பார்த்தார். "எங்க வீட்ல நாப்பத்து மூணு இஞ்ச் எல்.இ.டி. இருக்குக்கா, இதை எங்க வெக்கிறது?" என்று அந்தம்மா இரக்கத்தோடு மறுத்துவிட்டார்.

இருப்பதில் நிஜமாகவே விலை போகக்கூடியது பித்தளை அண்டா. பித்தளை, செம்பு, தேக்கு மூன்றும் எத்தனை பழசானாலும் தன் விலையை விட்டுக்கொடுக்காது. பார்ட்டிக்கிள் போர்டு மேசையோ ஒருமுறை கழற்றினால் மறுமுறை திருகாணி பிடிக்காது. அண்டாவை எந்தப் பாத்திரக்கடையிலும் எடைக்குப் போட்டிருக்கலாம். ஆனால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருப்பதை யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். விசாரித்து வரப் போனவர் ஓர் எனாமல் டிபன் கேரியரோடு திரும்பினார். "சல்லிசாக் கிடைச்சுது. பின்னாடி நல்ல விலைக்குப் போகும்."

அவர் மனைவி அதிகம் பேசாதவர். நவம்பரில் மத்திய அரசு ஓய்வூதியக்காரர்கள் ஆயுள் சான்று தர வேண்டும். 2014 முதல் அதை இணையவழியாகவும் கொடுக்கலாம். நம்மவருக்கு அது பிடிக்காது. "நேர்ல போய் நின்னாத்தான் உயிரோட இருக்கறதுக்கு ஒரு மரியாதை" என்று காலையிலேயே வங்கிக்குப் புறப்பட்டுவிடுவார். போன நவம்பரில் அவர் தெருமுனையைத் திரும்பியதும், பேப்பர்காரரின் மூன்று சக்கர வண்டி வாசலில் வந்து நின்றது. நேரம் முன்பே பேசி வைத்தது போலிருந்தது.

டிவி இல்லாததை அவர் கவனிக்கவே பொங்கல் ஆகிவிட்டது.

"என்னடி, டிவியைக் காணோம்?"

"நல்ல விலை வந்துதுங்க. கொடுத்துட்டேன்."

"எவ்வளவுக்கு?"

"ஆயிரத்தைந்நூறு. போட்டுப் பார்த்துட்டு, படம் கண்ணாடியாட்டம் இருக்குன்னான்."

பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு ஃபைலிலிருந்த பில்லில் 'விற்பனையானது' என்று எழுதித் தேதியும் போட்டார். "நான் இருந்திருந்தா ரெண்டாயிரத்துக்கு முடிச்சிருப்பேன்," என்று எல்லா மாடியிலும் சொல்லி வந்தார். இவ்வளவு சந்தோஷமாக அவரை நாங்கள் பார்த்ததில்லை.

அந்த ஆயிரத்தைந்நூறில் நூற்றைம்பது பேப்பர்காரர் கொடுத்தது. பாக்கி ஆயிரத்து முந்நூற்றைம்பதும் மாதாமாதம் அவர் பென்ஷனிலிருந்து வீட்டுச் செலவுக்குக் கொடுத்ததில், மளிகைக் கணக்கில் மிச்சம் பிடித்துக் கடுகு டப்பாவில் சேர்ந்தது. அவருடைய பொருளுக்கு அவர் நினைத்த விலையைக் கொடுக்கக்கூடிய ஆள் ஊரில் அவர் ஒருவர்தான் என்பதை அந்த அம்மாள் எப்போதோ கண்டுபிடித்திருக்கிறார்.

"அடுத்த நவம்பர்ல கிரைண்டர்," என்று என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "அதுக்கு நாலாயிரம் எதிர்பார்க்கிறார். சித்திரையிலேருந்தே எண்ணெய்ல கொஞ்சம் பிடிச்சாத்தான் கட்டி வரும்."