பெயர்ப்பலகையியல்: குற்றாலத்து விருந்தினரை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

விடுதியின் பெயரை மாற்றினால் அங்கே தங்குகிறவரின் தூக்கம் மாறுமா என்ற கேள்வியைத் தமிழாய்வு உலகம் இதுவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தொல்காப்பியத்து வேற்றுமை உருபுகளுக்குக் கிடைத்த கவனத்தில் நூற்றில் ஒரு பங்குகூடத் தலையணைக்கும் பெயர்ப்பலகைக்கும் உள்ள உறவுக்குக் கிடைக்கவில்லை. இந்தக் குறையைப் போக்க முன்வந்த ஆய்வாளர், புதிய துறைக்குப் பெயர்ப்பலகையியல் என்று பெயர் சூட்டி, களப்பணிக்குக் குற்றாலத்தைத் தேர்ந்தெடுத்தார். அதுவும் ஜூலை மாதத்தில். இந்தத் தேர்வில் உள்நோக்கம் ஏதுமில்லை என்பதை முதலிலேயே பதிவு செய்துவிட வேண்டும்.

குற்றாலத்துக்கு இந்த ஆய்வில் முன்னுரிமை கொடுக்கத் தக்க காரணம் இருக்கிறது. ஊரின் தலபுராணமே ஒரு பெயர் மாற்றத்தில்தான் தொடங்குகிறது. அங்கே முன்பு இருந்தது திருமால் கோயில். சிவனடியாரான அகத்தியரை உள்ளே விடவில்லை. அவர் வைணவ அடியாராக வேடம் பூண்டு மறுபடி வந்து, பூசை செய்யும் சாக்கில் திருமாலின் திருமுடியில் கைவைத்து அழுத்தினார். நின்ற கோலம் குறுகி லிங்கமாயிற்று; குற்றாலநாதர் கிடைத்தார். கோயில் மட்டும் சங்கு வடிவிலேயே இருக்கிறது. அகத்தியர் அழுத்தியதால் இறைவனுக்கு வந்த தலைவலி தீர இன்றும் மூலிகைத் தைலம் சாத்துகிறார்கள். பெயர்ப்பலகையியலின் இரண்டு அடிப்படை விதிகளும் இந்தக் கதைக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன: நிர்வாகம் மாறினாலும் கட்டடத்தின் வடிவம் பழையவரைக் காட்டிக்கொடுக்கும், மாற்றத்தின் வலி நெடுநாள் இருக்கும்.

ஒப்பீட்டுக்குச் சென்னையை எடுத்துக்கொள்ளலாம். 1854-ல் இம்பீரியல் என்ற பெயரில் தொடங்கிய விடுதி, 1886-ல் ஆல்பனி ஆனது, 1890-ல் கன்னிமாரா ஆனது. அப்போது சென்னை மாகாண ஆளுநர் கன்னிமாரா பிரபு. அவருடைய மனைவி சூசன் சீமாட்டி, டல்ஹௌசி பிரபுவின் மகள், கணவரோடு பிணங்கிக்கொண்டு ஆளுநர் மாளிகையை விட்டு வெளியேறி அந்த விடுதியில்தான் போய்த் தங்கினார் என்று சென்னையில் ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யானால், கோபித்துக்கொண்டு வந்த விருந்தினர் ஒருவர், யார் மேல் கோபமோ அவருடைய பெயரே தங்கிய இடத்துக்கும் வந்து சேர்வதைக் காண நேர்ந்த அரிய சான்று இது. விருந்தினர் அனுபவம் என்ற தலைப்பில் இதற்கு மேல் ஒரு சான்று கிடைக்குமா என்பது ஐயமே. பிறகு அதே விடுதி தாஜ் குழுமத்தின் கைக்கு வந்து, 2010-க்குப் பிறகு சில ஆண்டுகள் ‘விவான்டா பை தாஜ்’ என்ற அடைமொழியைச் சுமந்து, 2018-ல் புதுப்பித்துத் திறந்தபோது தாஜ் கன்னிமாரா ஆயிற்று. இந்த அலைச்சலில் ஆட்டோக்காரரிடம் சொல்லும் பெயர் ஒருநாளும் மாறவில்லை. கன்னிமாரா என்றால் போதும். அவருடைய ஐயமெல்லாம் விடுதியா, எழும்பூர் நூலகமா என்பது மட்டுமே.

ஐடிசி நிறுவனத்தின் விடுதித் தொழிலே ஒரு பெயர் மாற்றத்தில் பிறந்தது. 1975-ல் சென்னையில் ஒரு ஹோட்டலை வாங்கி அதற்குச் சோழா என்று பெயரிட்டார்கள். சோழா ஷெரட்டன் ஆனது, மை ஃபார்ச்சூன் ஆனது, இப்போது வெல்கம்ஹோட்டல். சோழப் பேரரசு வீழ்ந்த காலவரிசையை விட இது சிக்கலானது. அடையாறு கேட் அருகில் இருந்த இன்னொன்று பார்க் ஷெரட்டனாக இருந்து ஷெரட்டன் பார்க் ஆயிற்று. இரண்டு சொற்கள் இடம் மாறிக்கொண்ட இந்தப் புரட்சியை உள்ளே தூங்கிக்கொண்டிருந்த விருந்தினர் உணர்ந்திருப்பாரா என்பது தனி ஆய்வுக்குரியது. கடைசியில் கிரவுன் பிளாசா என்ற பெயரோடு 2023 டிசம்பரில் அது மூடப்பட்டது.

இப்படி ஏன் நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளப் பில்லின் அடிப்பகுதியைப் படிக்க வேண்டும். பெரிய விடுதிகள் பலவற்றில் கட்டடம் ஒருவருடையது, பெயர் வேறொருவருடையது. பெயர்க்காரருக்கு வருமானத்தில் ஒரு பங்கு போகும். ஒப்பந்தம் முடிந்தால் பலகை இறங்கும். அடுத்த பெயர்க்காரர் வருவார். முகப்பில் பன்னாட்டு எழுத்துகள் மின்னினாலும், ஜிஎஸ்டி எண்ணுக்கு மேலே பொடியெழுத்தில் இருப்பது உள்ளூர் தனியார் நிறுவனம் ஒன்றின் பெயராக இருக்கும். விருந்தினர் யாருடைய வீட்டுக்கு வந்திருக்கிறார் என்பது அவர் கிளம்பும் நேரத்தில்தான் தெரியவருகிறது.

பழைய பெயர் எந்த வரிசையில் அழிகிறது என்பதையும் ஆய்வாளர் ஓரளவு வகுத்திருக்கிறார். முகப்புப் பலகை ஒரே இரவில் போய்விடும். இணையதளம், சாவி அட்டை, பணியாளர் சட்டைப்பையில் குத்திய வில்லை எல்லாம் ஒரு வாரத்தில். அதற்குப் பிறகு வேகம் குறைகிறது. ஒரு படுக்கைக்கு மூன்று செட் விரிப்பும் துண்டும் வைத்திருப்பது தொழில் வழக்கம்: ஒன்று படுக்கையில், ஒன்று சலவையில், ஒன்று இருப்பில். நூறு அறை விடுதியில் இத்தனையையும் தூக்கிப் போட எந்த முதலாளிக்கும் மனம் வராது. ஆகவே குளியலறைத் துண்டின் மூலையில் பழைய பெயர் வெள்ளை நூலில் வெள்ளைத் துணிமேல் இன்னும் பல மாதம் வாழும். கடைசியாக அழிவது வைஃபை கடவுச்சொல். அதை மாற்றத் தெரிந்த பையன் பழைய நிர்வாகத்தோடு போய்விட்டிருப்பான்.

இனிக் குற்றாலத்துக்குத் திரும்பலாம். பெயருக்கும் உண்மைக்கும் தொடர்பு இருந்தே தீர வேண்டும் என்று நினைப்பவர்கள் தென்காசியிலிருந்து செங்கோட்டைப் பக்கம் ஒரு மாலை போய்வர வேண்டும். பிரானூரில் ‘பார்டர்’ இருக்கிறது. 1956 நவம்பர் 1-ல் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோதே எல்லை மேற்கே மலைக்கு நகர்ந்துவிட்டது. பார்டர் என்ற பெயரோ பரோட்டாக் கடைகளோடு அங்கேயே தங்கிவிட்டது. இன்று எந்த எல்லையும் அருகில் இல்லாத ஊர்களில்கூடப் பார்டர் பரோட்டாக் கடை இருக்கிறது. மாநிலச் சீரமைப்புச் சட்டத்தால் அசைக்க முடியாத ஒரு பெயரை நாட்டுக்கோழி வறுவல் காத்து நின்றிருக்கிறது. பெயர் மாற்ற ஆலோசனைக்கென்று பெருந்தொகை வாங்கும் நிறுவனங்கள் இந்தச் சால்னாவை ஒருமுறையாவது தொட்டுப் பார்க்கலாம்.

முகவரி விஷயமும் இப்படித்தான். குற்றாலத்தில் ஐம்பது ஆண்டாக ஒரே இடத்தில் நிற்கும் லாட்ஜ், அசையாமலேயே திருநெல்வேலி மாவட்டத்திலும், 1986 முதல் நெல்லை கட்டபொம்மன் மாவட்டத்திலும், 1997 முதல் மறுபடி திருநெல்வேலியிலும், 2019 நவம்பர் 22 முதல் தென்காசி மாவட்டத்திலும் இருந்திருக்கிறது. லெட்டர்பேடு அச்சடித்தவருக்கு வருமானம். அறைக்கு வந்தவர் இதையெல்லாம் கவனித்ததாகச் சான்றில்லை.

அப்படியானால் குற்றாலத்து விருந்தினர் எதைத்தான் கவனிக்கிறார்? இங்கே ஆய்வு தன் மையப் பகுதிக்கு வருகிறது.

உயர்தர விடுதி ஒன்று நகரத்து வழக்கப்படி புதுப் பெயரோடு இங்கே செயல்படுவதாக வைத்துக்கொள்வோம். மதியம் இரண்டு மணிக்குத்தான் அறை தருவார்கள். மறுநாள் பதினொன்றுக்குக் காலி செய்ய வேண்டும். காலைப் பலகாரம் பத்தரை வரை. விருந்தினரோ பொதிகை எக்ஸ்பிரஸில் காலையிலேயே தென்காசியில் இறங்கி, பெட்டியைப் போட ஓர் இடமும் ஈரத்துணி காயப்போட ஒரு கொடியும் தேடுகிறவர். மறுநாள் காலை ஐந்து மணிக்கே மெயினருவிக்குப் போய், அங்கிருந்து ஐந்தருவி, பிறகு பழைய குற்றாலம் என்று முடித்துவிட்டுக் கொலைப்பசியோடு பதினொன்றுக்கு வருவார். அப்போது பஃபே மேசையில் முலாம்பழத் துண்டு இரண்டுதான் இருக்கும். பால்கனியில் துணி காயப்போடக் கூடாது என்பது விதி. சாரல் அடிக்கும்போது ஏசி எதற்கு என்று பாட்டி கேட்பார், பதில் வராது. விடுதியின் வெள்ளைத் துண்டை அருவிக்கு எடுத்துப் போகக் கூடாது என்று அட்டை சொல்லும். குளியலறையில் வரிசையாக நிற்கும் ஷாம்பு, சோப்பு எதையும் அருவியில் பயன்படுத்த முடியாது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை எண்ணெயையும் சேர்த்துத் தடை செய்திருக்கிறது. எலுமிச்சைப் புல் மணக்கும் அந்தக் குட்டிப் புட்டி, குற்றாலத்துக்கு வந்தும் குற்றாலத்தில் குளிக்காமலே ஊர் திரும்புகிறது.

வரவேற்பு மேசையில் இருக்கும் இளைஞருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பது, கைகூப்பி, புதுப் பெயரை முழுதாகச் சொல்லி, பயணம் எப்படி இருந்தது என்று விசாரிக்க வேண்டும் என்பது. அதற்குள் விருந்தினர் முந்திக்கொள்வார்.

“தம்பி, மெயின்ல தண்ணி விழுதா?”

“ஆர்ச்சுக்கு மேல விழுது அண்ணாச்சி. தடை போட்டுட்டாங்க. ஐந்தருவிக்கு வேணா போய்ப் பாருங்க.”

பயிற்சியில் கற்றுக்கொண்ட ‘சார்’ ஒரே நொடியில் அண்ணாச்சியாக மாறுவதை மொழியியலாளர் கவனிக்கலாம். பெயர்ப்பலகையியலாளருக்கு முக்கியம் அந்த ஆர்ச்சுதான். பேரருவியின் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் குளிக்கத் தடை. வளைவுக்குள் விழுந்தால் ஊரே கோலாகலம். நூலாக வடிந்தால் வந்தவர் முகம் சுண்டிவிடும். விருந்தினர் அனுபவத்தை அளக்க இதைவிட நம்பகமான கருவி தென்னாட்டில் இல்லை.

இதை ஏற்காத மாற்றுத் தரப்பும் உண்டு. புதுப் பெயர் வைத்தபின் விருந்தினர் தரும் நட்சத்திரங்கள் கூடுகின்றன என்பது அவர்கள் வாதம். கூடத்தான் செய்யும். இந்த ஊரில் எந்த விடுதியும் பெயின்ட் அடிப்பதும் பலகை மாற்றுவதும் சீசனுக்கு முன்னால், மே மாதத்தில். நட்சத்திரம் ஏறுவது ஜூலையில். நடுவில் தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்ததை எந்த நிர்வாகக் கூட்டக் குறிப்பிலும் எழுதுவதில்லை.

எதிர்ச்சான்றுக்காக, பலகையே இல்லாத ஒரு விருந்தோம்பலையும் பார்க்க வேண்டும். 1954-ல் மறையும் வரை குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி.யின் வீட்டுக்கு ராஜாஜியும் கல்கியும் வந்து தங்கிப் போனார்கள். கருத்துப் படிவம் எதையும் அவர் நீட்டியதில்லை. விருந்தினர் தாமாகவே அந்த விருந்தோம்பலைப் பற்றிப் பல ஆண்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். கல்கி எழுதியதை எத்தனை நட்சத்திரமாகக் கணக்கிடுவது என்று ஆய்வாளருக்கு விளங்கவில்லை. கம்பன் பாடலும் நல்ல சாப்பாடும் ஒரே கூரையின்கீழ் கிடைத்ததைத் தவிர அங்கே வேறு வசதி இருந்ததாகப் பேச்சில்லை.

வாடகை பற்றி ஒரு குறிப்பு அவசியம். புதுப் பெயர் வந்த விடுதியின் வாடகை 7,500 ரூபாய் என்ற கோட்டை நோக்கி நகரும், அங்கே வந்ததும் தயங்கி நிற்கும். 2025 செப்டம்பர் 22 முதல் அந்தக் கோட்டுக்குள் இருக்கும் அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், தாண்டினால் 18. வாடகை 7,500 என்றால் வரி 375 ரூபாய். ஒரு ரூபாய் கூட்டி 7,501 ஆக்கினால் வரி 1,350 ரூபாய். ஒற்றை ரூபாயால் இவ்வளவு உயர்தரம் அடைந்துவிட முடிகிற துறை வேறெதுவும் இல்லை. “வரியோட எவ்ளோ?” என்று கேட்டுவிட்டு அறையைப் பார்க்கும் திருநெல்வேலிக் குடும்பத் தலைவர்கள் இந்தச் சூத்திரத்தைப் படிக்காமலேயே அறிந்தவர்கள்.

விருந்தினருக்கு வேண்டியது தண்ணீர்தான் என்ற இந்த முடிவை ஆய்வாளருக்கு முன்பே சிலர் கண்டுபிடித்து, செயலிலும் காட்டிவிட்டார்கள். மலையடிவாரத்தில் தோட்டமும் விடுதியும் வைத்திருந்தவர்கள் சிலர், வந்தவரை அருவிக்கு அனுப்புவதற்குப் பதில் ஓடையையே திருப்பி வளாகத்துக்குள் கொண்டுவந்து, பாறை அடுக்கி, ‘பிரைவேட் ஃபால்ஸ்’ என்று விளம்பரம் செய்தார்கள். கூட்டமில்லை, தடையில்லை, ஆர்ச்சும் இல்லை. 2022-ல் விவகாரம் மதுரைக் கிளைக்கு வழக்காகப் போனது. இயற்கை நீரோட்டத்தைத் திருப்பிச் செயற்கை அருவி அமைத்த தனியார் விடுதிகளைக் கண்டறிந்து நடவடிக்கை எடுக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. அதிகாரிகள் ஜீப்பில் ஏறித் தோட்டம் தோட்டமாகப் போனார்கள். அவர்கள் தேடிப் போனது குழாயையும் தடுப்பணையையும். வாசலில் என்ன பலகை தொங்குகிறது என்று பார்க்கும் வேலை அந்த உத்தரவில் இல்லை.