சின்ன எஞ்சினின் பெரிய மூச்சு

கேள்வி: வெறும் 3 சிலிண்டர், 1 லிட்டர் எஞ்சின் 125 குதிரைசக்தி தருகிறதாமே, நம்பலாமா?

பதில்: தாராளமாக நம்பலாம்! மூர்த்தி சிறிது, கீர்த்தி பெரிது என்பதற்கு 2012-இல் வந்த ஃபோர்டின் 999 சிசி ஈகோபூஸ்ட்டே சாட்சி. அதன் பிளாக்கை ஒரு ஏ4 தாளின் மேல் நிறுத்திவிடலாம். மறைமலை நகரில் தயாரான ஈகோஸ்போர்ட்டிலும் இது ஓடியது.

வெளியேறும் புகை டர்போவைச் சுழற்றுகிறது, டர்போ காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. இது பழைய வித்தைதான். மிதித்ததும் வண்டி யோசிக்காமல் பாய வேண்டுமே, அங்கேதான் பாடு. அதற்காக டர்போவைக் குட்டியாக்கினார்கள். நிமிடத்துக்கு 2,48,000 சுற்று வரை சுழலும்! அதனால் எஞ்சின் 1,400 சுற்றில் ஓடும்போதே முழு இழுவிசை கிடைத்துவிடுகிறது.

எனக்கு மிகப் பிடித்தது வேறு. 3 சிலிண்டர் என்றால் ஆட்டம் இருக்கும். அதை அடக்க வழக்கமாகத் தனி பேலன்ஸ் ஷாஃப்ட் போடுவார்கள். அது எடை, உராய்வு, எரிபொருள் செலவு. இங்கிலாந்தின் டன்டனில் உள்ள ஃபோர்டு பொறியாளர்கள் அதை விட்டுவிட்டு, ஃப்ளைவீலையும் முன்புறப் புல்லியையும் வேண்டுமென்றே எடை பிசகாகச் செய்தார்கள். முள்ளை முள்ளால் எடுத்த அழகு அது!

குறையும் உண்டு. டைமிங் பெல்ட் ஆயிலில் நனைந்தபடி ஓடுகிறது. தவறான ஆயில் ஊற்றினால் பெல்ட் உதிர்ந்து, துணுக்குகள் ஆயில் வடிகட்டியை அடைக்கும். பழைய வண்டி வாங்குகிறீர்களா? முதலில் ஆயில் மாற்றிய ரசீதுகளைக் கேளுங்கள்.