சுழியிலிருந்து ஷெங்கனுக்கு ஒரு மனு

உ

பெறுநர்: ஷெங்கன் விசா விதிகளை வகுக்கும் அதிகாரிகள், ஐரோப்பிய ஆணையம், பிரஸ்ஸல்ஸ்.

அனுப்பும் ஊர்: திருச்சுழி, விருதுநகர் மாவட்டம், தமிழ்நாடு.

பொருள்: ஆம்ஸ்டர்டாமில் எழுந்தருளியிருக்கும் நடராசரைக் குறைந்த செலவில் தரிசித்துத் திரும்புதல் – விசா நிபந்தனைகள் – விளக்கம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1896 ஆகஸ்ட் 29ஆம் நாள் மதுரையிலிருந்து புறப்பட்ட ஒரு பயணம்.

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

இம்மனுவின் தலையில் உள்ள குறி மைக்கறை அன்று. கல்யாணப் பத்திரிகையானாலும் பலசரக்குக் கடைச் சீட்டானாலும் தமிழர் எழுதத் தொடங்கும் எதற்கும் முதலில் இடும் பிள்ளையார் சுழி அது. தங்கள் விண்ணப்பப் படிவத்தில் அதற்கென்று கட்டம் எதுவும் இல்லாமையால், மனு அதைத் தானே முன்வந்து இட்டுக்கொண்டுள்ளது. ஊரின் பெயரிலும் ஒரு சுழி உண்டு. ஊழிவெள்ளம் பெருகியபோது சிவபெருமான் சூலத்தால் நிலத்தைத் துளைத்து அந்நீரைச் சுழித்து உள்ளே இறங்கச் செய்ததால் இவ்விடம் திருச்சுழியல் ஆயிற்று என்று தலபுராணம் கூறுகிறது. அன்று இறங்கிய தண்ணீர் பிறகு மேலே வர மனம் வைக்கவே இல்லை என்பது, மழை பொய்த்தால் பாளம் பாளமாக வெடிக்கும் கறுப்பு மண்ணான கரிசலை உழும் சம்சாரிகளின் நெடுநாள் மனக்குறை. சுழி என்னும் சொல்லுக்குப் பூச்சியம் என்றும் பொருள் உண்டு. வங்கிக் கணக்கைப் பற்றிய பகுதிக்கு வரும்போது இப்பொருள் பயன்படும்.

மனுவின் நோக்கம் மிகச் சிறியது. ஆம்ஸ்டர்டாம் நகரின் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் 153 சென்டிமீட்டர் உயரமும் ஏறத்தாழ 300 கிலோ எடையும் கொண்ட சோழர் கால நடராசர் திருமேனி ஒன்று உள்ளது. 1935இல் நெதர்லாந்தின் ஆசியக் கலை ஆர்வலர் சங்கம் அதைப் பாரிஸ் வணிகர் ஒருவரிடமிருந்து வாங்கியது. கோயிலில் இத்தகைய செப்புத் திருமேனிக்கு உற்சவ மூர்த்தி என்று பெயர். கருவறையில் அசையாதிருக்கும் மூலவருக்குப் பதிலாக வீதிக்கு எழுந்தருளுவதற்கென்றே வார்க்கப்படுவதால், அதன் பீடத்தில் தண்டு கோத்துத் தூக்குவதற்கும் கயிறு கட்டுவதற்கும் துளைகளோ வளையங்களோ விடப்பட்டிருக்கும். சுருங்கச் சொன்னால், பயணத்துக்கென்றே பிறந்த கடவுள் அவர். திருச்சுழித் திருமேனிநாதர் கோயிலில் மார்கழித் திருவாதிரையன்று நடராசர் வீதியுலா சென்று மீண்டும் கோயிலுக்குள் வந்து சேர்கிறார். வெளியே போனவர் வீடு திரும்பியே ஆக வேண்டும் என்னும் தங்கள் விதியை இவ்வூர் ஆண்டுதோறும் மேளதாளத்தோடு கடைப்பிடித்து வருகிறது என்பது இம்மனுவோடு சேர்த்துக் கருதத்தக்கது.

ஷெங்கன் என்பது லக்சம்பர்க் நாட்டில் மோசெல் ஆற்றங்கரையில் உள்ள ஒரு சிற்றூர். 1985 ஜூன் 14 அன்று அங்கே கையெழுத்தான உடன்படிக்கையின் வழியே, இன்று 29 நாடுகள் தமக்கிடையே எல்லைச் சோதனையைத் தளர்த்திக்கொண்டு, வெளியாருக்குப் பொதுவான ஒரே வாசலை வைத்திருக்கின்றன. ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றின் பெயர் ஒரு கண்டத்துக்கே வாசற்படியாக முடியும் என்னும் செய்தி திருச்சுழிக்குப் பெரும் ஊக்கம் தருகிறது. அவ்வாசலில் 2024 ஜூன் 11 முதல் பெறப்படும் கட்டணம் 90 யூரோ, அதாவது ஏறத்தாழ ஒன்பதாயிரம் ரூபாய். 2025-26ஆம் நிதியாண்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வகுக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய் என்பதால், கண்மாய் தூர்வாரும் ஒருவர் ஏறக்குறைய 27 நாள் வெயிலில் நின்றால் விண்ணப்பம் போடும் தகுதியைப் பெறுவார். சேவை மையம் வாங்கும் தொகையும், கைரேகை வைப்பதற்காக ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளியுள்ள சென்னைக்குப் போய்வரும் பேருந்துச் செலவும் இதில் சேரவில்லை. விண்ணப்பம் மறுக்கப்பட்டாலும் கட்டணம் திரும்பாது. உண்டியலில் போட்டது திரும்பாது என்னும் கொள்கை இவ்வூருக்குப் புதிதன்று. ஆனால் உண்டியலில் போட்டவரைப் பார்த்து, தரிசனம் இல்லை, போய்வாரும் என்று எந்தக் கோயிலும் சொன்னதில்லை. 2024இல் மட்டும் இந்தியாவிலிருந்து சென்ற சுமார் 11 லட்சம் விண்ணப்பங்களில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவை அவ்வாறு வெறுங்கையோடு திரும்பியுள்ளன.

அடுத்தது வங்கிக் கணக்கு. கடந்த சில மாதங்களின் வரவுசெலவுப் பதிவைத் தாங்கள் கேட்பதன் நோக்கம் பயணி அங்கே பட்டினி கிடக்கக் கூடாது என்பதே என்றால் அதற்கு நன்றி கூறக் கடமையுண்டு. எனினும் கரிசல் காட்டுக் கணக்குக்கு மாதச் சம்பளக் கணக்கின் நடை தெரியாது: பருத்தியும் மல்லியும் விலைபோன நாளில் தொகை மொத்தமாக ஏறுகிறது, உரக்கடைப் பாக்கியும் வட்டியும் கொடுத்து முடிக்கும் வாரத்தில் சுழிக்கு, மேலே சொன்ன இரண்டாம் பொருளிலான சுழிக்கு, இறங்கிவிடுகிறது. இந்த ஏற்றத்தைக் காணும் விசா அதிகாரி யாரோ கடன் வாங்கிப் போட்ட பணம் என்று ஐயுறுகிறார். அவர் ஐயுறுவார் என்று தெரிந்திருப்பதால் விண்ணப்பதாரர் உண்மையாகவே கடன் வாங்கிப் போடுகிறார். டிராவல்ஸ்காரர்கள் இதைப் ‘பேலன்ஸ் காட்டுதல்’ என்பர். பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் பக்கத்து வீட்டு அட்டிகையை இரவல் வாங்கிப் போட்டு, அவர்கள் காபி குடித்துப் போனபின் கழற்றிக் கொடுக்கும் பழைய வழக்கத்தின் புதிய வடிவமே அது. பறக்கப்போகாத விமானத்துக்கு வாங்கும் ‘டம்மி டிக்கெட்’டும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. உண்மையில் இவ்வூரில் ஒருவரின் கையிருப்பை அறியத் தகுந்த ஆவணம் கூட்டுறவுச் சங்கத்தின் நகைக்கடன் ரசீதுதான். அதில் பொருள், எடை, மதிப்பு, மீட்க வேண்டிய நாள் ஆகிய யாவும் உள்ளன. தங்கள் ஆவணப் பட்டியலில் அதற்கு இடமில்லை.

நகை அடகு சிக்கனப் பயணத்தின் அடிப்படை நிதியாதாரம் என்பதற்குப் பார்வையில் கண்ட பயணமே சான்றாகும். மேற்சொன்ன திருவாதிரை இரவுகளில் ஒன்றில், 1879 டிசம்பர் 30 அதிகாலை ஒரு மணியளவில், வீதியுலா முடிந்து நடராசர் கோயிலுக்குள் நுழைந்த வேளையில், இவ்வூர் வக்கீல் சுந்தரமையர் வீட்டில் பிறந்தவர் வேங்கடராமன். பின்னாளில் உலகம் ரமண மகரிஷி என்று அறிந்தவர் அவரே. பதினாறு வயதில் அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காக இருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு இரண்டை ஒரு சீட்டோடு வைத்துவிட்டுத் திருவண்ணாமலைக்குப் புறப்பட்ட அவர், வழியறிய நம்பியது ஒரு பழைய நிலப்பட நூலை. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் புதிதாக ரயில் பாதை வந்திருந்ததை அந்நூல் அறியாது. ஆகவே திண்டிவனத்துக்கு இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா கொடுத்துச் சீட்டு வாங்கினார். பதினாறு அணா ஒரு ரூபாய் என்பதால், கையில் எஞ்சியது மூன்று அணா. வண்டியில் உடன்வந்த மௌல்வி ஒருவர் விழுப்புரத்தில் மாறவேண்டும் என்று சொன்ன பிறகே பிழை வெளிப்பட்டது. அரை அணாவுக்குப் பேரிக்காய், விழுப்புரத்தில் காசு வாங்க மறுத்த ஓட்டல்காரர், எஞ்சிய காசு எட்டிய மட்டும் மாம்பழப்பட்டு வரை ரயில், அங்கிருந்து அறையணிநல்லூருக்குப் பத்து மைல் நடை, கீழூர்க் கோயிலில் மேளக்காரர் தம் பங்கிலிருந்து கொடுத்த சோறு, மறுநாள் முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் இருபது ரூபாய் பெறும் கடுக்கனை, அதாவது ஆண்கள் அணியும் காதணியை, நான்கு ரூபாய்க்கு அடகு வைத்தது என இப்பயணம் செப்டம்பர் 1 அன்று முடிந்தது. அடகுச் சீட்டை அவர் வழியிலேயே கிழித்துப் போட்டார். எஞ்சிய மூன்று ரூபாய்ச் சில்லறையைத் திருவண்ணாமலை அய்யங்குளத்தில் எறிந்தார்.

இப்பயணியின் விண்ணப்பம் தங்கள் மேசைக்கு வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதே மனுவின் மையக் கேள்வி. நாள்வாரியான பயணத் திட்டம்: தவறானது. தங்குமிட உறுதி: பிரகாரம். வாழ்வதற்குப் போதிய பணம்: குளத்தில் உள்ளது. அழைப்பவர்: தந்தையென அவர் கருதிய இறைவன். முகவரி: மலை. 30,000 யூரோவுக்குக் குறையாத காப்பீடு, அதிலும் இறந்தால் உடலை ஊருக்கு அனுப்பும் செலவு உட்பட, வேண்டும் என்னும் விதியை அவரிடம் நீட்டுவது சற்றுச் சங்கடமானது. ஏனெனில், புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்பு மதுரை வீட்டு மாடியில் படுத்து, உடல் செத்தால் சாவது யார் என்று விசாரித்து முடித்துவிட்டே அவர் கிளம்பினார். அவர் வழிக்கு ஆன்ம விசாரம் என்று பெயர்; அதில் ‘விசாரம்’ என்னும் சொல்லின் முதல் இரண்டு எழுத்தை மட்டும் தங்கள் அலுவலகம் எடுத்துக்கொண்டது என்று தமிழில் வேடிக்கையாகச் சொல்லலாம்.

பெயர்க் கட்டத்திலும் அவர் தேறியிருக்க மாட்டார். தமிழருக்குக் குடும்பப் பெயர் பெரும்பாலும் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னால் நிற்கும். படிவமோ குடும்பப் பெயர் இல்லாமல் நகர மறுப்பதால், சென்னையிலிருந்து புறப்படும் ஒவ்வொரு விமானத்திலும் தந்தையர் பலர் தம் பிள்ளைகளின் கடைசிப் பெயராக, தாம் அறியாமலேயே, பயணம் செய்கின்றனர். வேங்கடராமன் விட்டுச்சென்ற சீட்டோ இதற்கும் ஒருபடி மேலே போனது: ‘நான்’ என்று தொடங்கி, இடையில் ‘இது’ என்று மாறி, கையொப்ப இடத்தில் வெறும் கோட்டோடு முடிந்தது.

மறுப்புக் கடிதத்தில் தாங்கள் குறியிடும் காரணங்களில் புகழ்பெற்றது, விசாக் காலம் முடியுமுன் விண்ணப்பதாரர் வெளியேறுவாரா என்பதில் நியாயமான ஐயம் உண்டு என்பது. நேர்மையாகச் சொன்னால், இவர் விஷயத்தில் அந்த ஐயம் முற்றிலும் சரி. திருவண்ணாமலைக்கு வந்தவர் 1950 ஏப்ரல் 14 அன்று மறையும் வரை, ஐம்பத்துமூன்று ஆண்டுக்கும் மேலாக, அவ்வூரைவிட்டு அகலவே இல்லை. அவர் திரும்பாமல் அங்கேயே இருந்துவிட்டதால்தான் 1931இல் எழுத்தாளர் பால் பிரண்டனும் 1938இல் நாவலாசிரியர் சாமர்செட் மாமும் ஐரோப்பாவிலிருந்து வந்தபோது பார்ப்பதற்கு ஓர் ஆள் இருந்தார். அவ்விருவருக்கும் அதன்பின் எழுதுவதற்குப் புத்தகமும் கிடைத்தது.

ஆம்ஸ்டர்டாம் நடராசர் கதையும் ஏறத்தாழ இதுவே. 180 நாளில் 90 நாளுக்கு மேல் தங்கலாகாது என்பது ஷெங்கன் விதி. அவர் அங்கே தங்கி 90 ஆண்டு கடந்துவிட்டது. ஷெங்கன் பிறக்குமுன் நுழைந்தவர் என்று அவர் தரப்பில் வாதிட இடமுண்டு. தங்கள் அதிகாரிகள் அவரைச் சோதிக்காமலும் விடவில்லை. ராட்டர்டாம் துறைமுகச் சுங்கத்துறை கன்டெய்னர்களுக்குள் கள்ளச்சரக்கு தேடும் எக்ஸ்ரே கூடத்தில், ஏற்றிவந்த லாரியோடு சேர்த்து அவரை ஊடுருவிப் பார்த்தனர். களிமண் கருவை வைத்து உள்ளே பொள்ளலாக வார்க்கும் முறையைப் பின்பற்றாமல், உள்ளும் புறமும் உலோகமாகவே உருக்கி ஊற்றும் கனவார்ப்பு முறையில் செய்யப்பட்டவர் அவர் என்று தெரியவந்தது. எதையும் ஒளிக்க இடமே இல்லாத ஒரே பயணியைத் தங்கள் சுங்கத்துறை அன்று கண்டது. எனினும் திரும்பும் சீட்டு எங்கே என்று யாரும் அவரிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

கட்டண வேறுபாட்டைப் பற்றி மனு வாய்திறக்க இயலாது. 2026 ஜனவரி 14 முதல் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியேயிருந்து வருவோரிடம் 22 யூரோவுக்குப் பதிலாக 32 யூரோ வாங்குகிறது; ஆனால் மாமல்லபுரத்தில் இந்தியருக்கு 40 ரூபாயும் வெளிநாட்டாருக்கு 600 ரூபாயும் என்று நெடுங்காலமாக வாங்கிவரும் நாட்டிலிருந்து அதைக் குறை சொன்னால் பல்லவரே சிரிப்பர்.

இறுதியாகக் கட்டுச்சோறு. ஐரோப்பாவுக்குள் பால்பொருள் கொண்டுவரக் கூடாது என்பதால் தயிர்ச்சோறும் நெய்யும் நின்றுபோகின்றன. பச்சைத் தாவரப் பொருளுக்குத் தாவர நலச் சான்றிதழ், அதாவது பூச்சியும் நோயும் இல்லை என்று அரசு தரும் சீட்டு, வேண்டும். அச்சான்றிதழ் தேவையில்லை என்று தாங்கள் விலக்களித்துள்ள கனிகள் ஐந்தே: அன்னாசி, தேங்காய், முள்நாறி என்னும் துரியன், வாழை, பேரீச்சை. அர்ச்சனைத் தட்டின் பெரும்பகுதி இவ்வாறு சட்டத்தின் அனுமதியைப் பெற்றுவிட்டதை ஊர் மகிழ்ச்சியோடு கவனித்துள்ளது. ஆகவே, ஆள் வருவது முடிவாகும் வரை தட்டையாவது முன்னதாக அனுப்பிவைப்பது எனத் தீர்மானிக்கப்பட்டுள்ளது. அருங்காட்சியகக் காவலர் அதை நடராசருக்கு முன் ஒரு நிமிடம் காட்டிவிட்டுத் தாமே உண்ணலாம்.

கையொப்பம்: ————

இணைப்பு: தேங்காய் ஒன்று, வாழைப்பழம் இரண்டு. வெற்றிலை, சான்றிதழ் வரும்வரை நிறுத்திவைக்கப்பட்டுள்ளது.