கப்பியும் கடனும்: கேள்வி – பதில்

கே: நெம்புகோலை முதலில் கண்டுபிடித்தவர் யார்?
*(மாணவர், அரியலூர்)*

பாறைக்கு அடியில் கிழங்கைப் பார்த்தவர்.

கே: கிணற்று ராட்டினம் வாளியின் கனத்தைப் பாதியாக்கும் என்கிறார் மாமியார். நிஜமா?
*(மருமகள், மன்னார்குடி)*

குடும்ப அமைதியைக் கருதி இந்தப் பக்கத்தை அவர் கண்ணில் காட்டாதீர்கள். ஒற்றை ராட்டினம் ஒரு கிராம்கூடக் குறைக்காது. 10 கிலோ வாளிக்கு 10 கிலோ இழுக்கத்தான் வேண்டும். உராய்வு என்ற வரி தனி. பிறகு எதற்கு அந்தக் கிரீச் சத்தம்? திசைக்காக! கைப்பிடிச் சுவரில் குனிந்து மேலே தூக்கினால் இடுப்பு போகும். ராட்டினத்தில் கீழ்நோக்கி இழுக்கிறோம். நம் உடம்புக் கனமே நமக்குக் கூலியில்லாத வேலைக்காரன். கனம் நிஜமாகவே பாதியாக வேண்டுமென்றால், வாளியோடு சேர்ந்து ஏறி இறங்கும் இன்னொரு கப்பி வேண்டும். ஆனால் 20 அடிக் கிணற்றுக்கு 40 அடி கயிறு இழுக்க வேண்டிவரும். எளிய இயந்திரம் எல்லாமே தவணைக் கடைதான்: கையிலிருந்து போகும் தொகை சிறிசு, கட்டும் காலம் பெரிசு, தள்ளுபடி கிடையாது.

மோட்டார் வந்தபின் தண்ணீர் வேகமாக வருகிறது. ஊர்வம்புதான் வருவதில்லை.

கே: நிற்க இடம் கிடைத்தால் பூமியையே நகர்த்துவேன் என்றாராமே ஆர்க்கிமிடீஸ்?
*(வாசகர், கோவை)*

60 கிலோ ஆள் நெம்பி, பூமி அளவு கனத்தை ஒரே ஒரு மில்லிமீட்டர் தூக்க, கோலின் மறுமுனையோடு சுமார் 10,000 ஒளியாண்டு போக வேண்டும். இடம் கொடுத்தாலும் பஸ் கிடைக்காது.

கே: முட்டுக்கட்டை போடுகிறவர்களை என்ன செய்யலாம்?
*(கட்சிக்காரர், மதுரை)*

திருவாரூருக்கு அனுப்புங்கள். 96 அடி ஆழித்தேருக்கு வடம் பிடிக்க ஆயிரக்கணக்கில் ஆள் உண்டு. அதை வீதி முனையில் திருப்புவது, சக்கரத்தடியில் கட்டை செருகும் சிலபேர். ஆப்பு, சாய்தளத்தின் தம்பி. இப்போது ஹைட்ராலிக் பிரேக்கும் வந்துவிட்டது. எனக்கென்னவோ கட்டைமேல்தான் நம்பிக்கை.

கே: அப்பா சக்கர நாற்காலியில் இருக்கிறார். ஓர் அலுவலகத்தில் ஒன்றரை அடி உயர வாசலுக்கு ஆறடியில் சாய்தளம் கட்டியிருக்கிறார்கள். தள்ள முடியவில்லை.
*(மகள், ஈரோடு)*

உங்கள் கையில் குறையில்லை. கட்டியவர் கணக்கில்தான் குறை. நாற்காலியோடு அவர் 80 கிலோ என்றால், அந்தச் சரிவில் ஏறத்தாழ 20 கிலோ கனத்தைத் தள்ளுகிறீர்கள். இறங்கும்போது அதே 20 கிலோ உங்களை இழுக்கும். விதிமுறை சொல்வது, அடி உயரத்துக்கு 12 அடி நீளம். அதன்படி 18 அடி கட்டியிருந்தால் 7 கிலோகூட வராது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 உங்கள் பக்கம் இருக்கிறது. நீளத்தையும் உயரத்தையும் டேப்பால் அளந்து, அந்த அளவுகளோடு மனு எழுதிக் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள்.

கே: மிக்ஸி எளிய இயந்திரமா?
*(இல்லத்தரசி, சேலம்)*

எங்கள் வீட்டு மிக்ஸி ஓடும்போது நீங்கள் கேட்டது காதில் விழவில்லை.

கே: காலையில் மகனைப் படுக்கையிலிருந்து கிளப்ப எந்த நெம்புகோல் உதவும்?
*(தந்தை, தாம்பரம்)*

மின்விசிறி சுவிட்ச். அதுவும் நெம்புகோல்தான்.