வைமாக்காரிரி ஆற்றில் ஒரு பைக் எஞ்சின்

கிறைஸ்ட்சர்ச், நியூசிலாந்து
தை மாதம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகன் எழுதிக்கொள்வது. போன கடிதத்தை நீங்கள் மேற்கு ராஜ வீதிப் பட்டறையில் உரக்கப் படித்தபோது, ‘நான் நேற்று ஆற்றில் விழுந்தேன்’ என்ற வரியைக் கேட்ட வாடிக்கையாளர் ஒருவர், விழுந்தது நீங்கள்தான் என்று நினைத்து, “எந்த ஆத்துல தண்ணி வந்திருக்கு?” என்று பதறிக் கேட்டாராமே. அந்தக் குழப்பம் மறுபடி வேண்டாம். இந்தக் கடிதத்தில் ‘நான்’ கிடையாது. எழுதுகிறவன் ‘பையன்’ என்றே வருவான்.

பையனுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். ஓய்வுபெற்ற ஃபிட்டர். அவருடைய ஷெட்டில் எஞ்சின் செத்துப்போன ஜெட் ஸ்கீ நீர்வண்டி ஒன்று கிடந்தது. அதன் பக்கத்திலேயே, யாரோ வேலியில் மோதிய 1000 சிசி யமஹா பைக். முன்சக்கரம் எட்டாக மடிந்திருந்தாலும் எஞ்சினுக்குக் கீறல் இல்லை. இதை அதில் பொருத்தினால் என்ன என்று, இரண்டையும் பார்க்கிற எவருக்கும் வரக்கூடிய யோசனைதான் அவருக்கும் வந்தது. வந்ததோடு நிற்காமல், பையன் வெல்டர் என்று தெரிந்து வேலி ஓரமாக வந்து, “சனிக்கிழமை வேலை உண்டா?” என்று விசாரித்தார். எத்தனை சனிக்கிழமை என்று பையன் கேட்டிருக்கலாம்.

இந்த நாட்டில் ஷெட் என்றால் சாதாரணமில்லை, சித்தப்பா. 1899-இல் இங்கே இரண்டு பேர் பிறந்தார்கள். ஒருவர் இன்வர்கார்கில் ஊர் பர்ட் மன்ரோ. 1920-இல் வாங்கிய இந்தியன் ஸ்கௌட் மோட்டார் சைக்கிளைப் பல பத்தாண்டுகள் தன் ஷெட்டில் வைத்துக் குடைந்து, பிஸ்டனைக்கூடத் தானே வார்த்து, 1967-இல் அமெரிக்காவின் பொன்னெவில் உப்புத் தரையில் ஓட்டினார். 1000 சிசிக்கு உட்பட்ட வண்டிகளில் மணிக்குச் சுமார் 295 கிலோமீட்டர் சாதனை. அப்போது அவருக்கு வயது 68. உடைந்த பிஸ்டன்களையும் ராடுகளையும் ஓர் அலமாரியில் அடுக்கி, வேகக் கடவுளுக்குக் காணிக்கை என்று எழுதிவைத்திருந்தாராம். நாம் ஆயுதபூஜைக்கு ஓடுகிற சாமானுக்குப் பொட்டு வைக்கிறோம். மனிதர் உடைந்ததற்கு வைத்திருக்கிறார்.

இன்னொருவர் பில் ஹாமில்டன், ஆட்டுப் பண்ணைக்காரர். இங்குள்ள ஆறுகள் அகலமாகவும் ஆழமில்லாமலும் கூழாங்கல் மேல் ஓடுபவை. சாதாரணப் படகின் விசிறி நாலாவது கல்லில் உடைந்துவிடும். 1950-களின் தொடக்கத்தில் ஹாமில்டன் விசிறியையே வெளியே விடாமல், அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும் பம்ப் வைத்தார். பீய்ச்சும் வாயைத் தண்ணீருக்கு மேலே கொண்டுவந்த பிறகு படகு பாய ஆரம்பித்தது. இதைக் கண்டுபிடித்த பெருமை ஆர்க்கிமிடீசுக்கே என்று சொல்லிக்கொண்டிருந்தார். கம்பெனியை மட்டும் தன் பெயரில் வைத்துக்கொண்டார். 1960-இல் அவருடைய ஜெட் படகுகள் கொலராடோ ஆற்றின் பெரும் பள்ளத்தாக்கை எதிர்நீச்சலில் ஏறின. 1977-இல் எவரெஸ்ட் ஏறிய ஹில்லாரி இப்படிப்பட்ட மூன்று படகுகளோடு கங்கை கடலில் கலக்கும் இடத்திலிருந்து புறப்பட்டு, இமயமலைக்குள் நந்தப்பிரயாகைப் பக்கம் ஓர் அருவி வழியை மறிக்கும்வரை ஏறிப் போனார். மன்ரோவும் ஹாமில்டனும் காலமானது ஒரே வருடம், 1978. ஒருவரின் மோட்டார் சைக்கிளையும் மற்றவரின் படகையும் ஒன்றாக முடிச்சுப்போடும் பொறுப்பு பெரியவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது என்பது பையனின் கணக்கு.

இனி, இத்தனை சனிக்கிழமை எதற்கு என்று நீங்கள் கேட்கப்போகும் கேள்விக்குப் பையன் வருகிறான். எஞ்சினை இறக்கி வைக்க ஒரு சனிக்கிழமை போதும். மற்ற சனிக்கிழமைகள் எல்லாம் எஞ்சினைச் சுற்றி இருப்பவற்றுக்குத்தான்.

பைக்கில் கிராங்க் குறுக்கே கிடக்கும். படகின் பம்ப் தண்டு நெடுக்கே ஓடும். எனவே எஞ்சினை அப்படியே கால்வட்டம் திருப்பி வைக்க வேண்டும். செயின் ஸ்ப்ராக்கெட் இருந்த இடத்திலிருந்து தண்டை எடுத்துப் பம்போடு சேர்க்க வேண்டும். கோர்வைத் தறியில் உடலும் கரையும் சேரும் இடத்தில் ஓர் இழை பிசகினால் சேலை முழுக்கத் தெரியும் அல்லவா, அந்தக் கவனம் இங்கே வேண்டும். மயிரிழை கோணினால் பேரிங் போய்விடும். கியர்பாக்ஸ் எதற்கு, அறுத்துப் போடலாமே என்று பையன் கேட்டான். பெரியவர் சிரித்தார். எஞ்சின் 10,000 சுற்று சுற்றும்போது பம்புக்கு 6,000 பக்கம் போதும். அதற்குமேல் இம்பெல்லர் தண்ணீரைத் தள்ளாமல் நுரையைக் கடையும். ஆகவே மேல் கியர் ஒன்றில் நிலையாகப் போட்டுவிட்டார். கிளட்ச் வேறு மிச்சம். பல ஜெட் ஸ்கீகளில் நியூட்ரலே கிடையாது, ஸ்டார்ட் ஆனதும் பம்ப் சுற்றும், கரையோரக் கூழாங்கல்லை வாரி விழுங்கும். இதில் அந்தத் தொல்லை இல்லை.

ஆயில்தான் பெரிய தலைவலி. பைக் எஞ்சின் ஆயிலை அடியில் சம்பில் வைத்துக்கொள்ளும். படகு அலையில் குதித்துச் சாய்ந்தால் ஆயில் ஒரு மூலைக்கு ஓடிவிடும், ஆயில் பம்ப் காற்றைக் குடிக்கும். அதற்குப் பெரியவரும் பையனும் தனித் தொட்டி வைத்து டிரை சம்ப் ஆக்கினார்கள். சைலென்சருக்குள் தண்ணீர் பாய்ச்சிக் குளிர்விக்க வேண்டும், இல்லையென்றால் ஃபைபர் உடம்பு கருகும். தரையில் வைத்துத் தோட்டக் குழாயில் சோதிக்கும்போது முதலில் எஞ்சின், பிறகு தண்ணீர். நிறுத்தும்போது முதலில் தண்ணீர், பிறகு எஞ்சின். வரிசை மாறினால் தண்ணீர் எக்ஸாஸ்ட் வழியாகச் சிலிண்டருக்குள் புகும். பெரியவர் இதைச் சுவரில் சாக்பீஸால் எழுதியிருக்கிறார். அவர் மனைவி அதன் கீழே, வாஷிங் மெஷினுக்கும் தண்ணீர் தேவை என்று எழுதியிருக்கிறார்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். சாலையில் அது பறந்துவிடும். படகின் வயிற்றில் தங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். அதனால் காற்றுப்போக்கிக்கே ஒரு நாள் போனது. இன்னொன்றும் உண்டு. பைக் எஞ்சினுக்குச் சாலையில் இறக்கம் வரும், சிக்னல் வரும், மூச்சு விடலாம். பம்ப் ஒரு கணமும் விடாது. வேகம் கூடக்கூடச் சுமை பல மடங்கு ஏறும்.

இவ்வளவு பாடு கிறுக்கர்கள் மட்டும்தான் படுவார்கள் என்று நினைக்க வேண்டாம். 2002-இல் யமஹாவே தன் ஆர்1 பைக்கின் 998 சிசி எஞ்சினிலிருந்து பிறந்த எஃப்எக்ஸ்140 என்ற நீர்வண்டியைக் கொண்டுவந்தது. அதிலும் டிரை சம்ப், அதிலும் சுற்றைக் குறைக்கும் கியர். அடுத்த வருடம் கவாஸாகி தன் நிஞ்ஜா இசட்எக்ஸ்-12ஆர் எஞ்சினை ஜெட் ஸ்கீயில் இறக்கியது. நம் ஒரகடத்துக்குப் பக்கத்தில் வல்லம் வடகாலில் யமஹாவுக்குத் தொழிற்சாலை இருக்கிறது என்று பையன் சொன்னதும் பெரியவர் வரைபடம் எடுத்து வரச் சொன்னார். குஜராத்தில் புல்லட்டை வைத்துச் சக்கடா என்ற மூன்று சக்கர வண்டி ஓட்டியதையும், அம்ரேலியின் மன்சுக்பாய் ஜகானி புல்லட்டின் பின்னால் கலப்பை பூட்டி ‘புல்லட் சாந்தி’ என்று உழுததையும் சொன்னபோது அன்றைக்கு வேலையே நடக்கவில்லை.

வெள்ளோட்டம் வைமாக்காரிரி ஆற்றில். படகு எழும்பிப் பறந்தது. பெரியவர் இறங்கி, மைத்துனரை ஏற்றினார். மைத்துனர் வாழ்நாள் முழுக்கப் பைக் ஓட்டியவர். வளைவு வந்தது, பயந்தார், நீங்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததுபோலவே த்ராட்டிலை விட்டார். ஜெட்டில் தண்ணீர் பீய்ச்சினால்தான் திரும்பும். பீய்ச்சல் நின்றது, ஹேண்டில்பார் அலங்காரமாகிவிட்டது. நேராக வில்லோ மரப் புதருக்குள் போய் நின்றார். மனிதருக்கு ஒன்றுமில்லை. மூக்குக்கண்ணாடி ஆற்றோடு போனது.

ஊருக்கு ஒன்று செய்து அனுப்பலாமா என்று பெரியவர் கேட்கிறார். ஒரு சாண் தண்ணீர்கூட வேண்டாம், ஓடும் என்கிறார். நம் பாலாற்றில் அந்த ஒரு சாணை யார் தருவது? 2021 நவம்பர் வெள்ளத்தில் கேட்டிருந்தால் பதில் வேறு.

இப்போது ஒரு சிக்கல். 7,000 சுற்றில் எஞ்சின் நடுங்குகிறது, கை மரத்துப்போகிறது. கப்ளிங் ரப்பர் மிருதுவாக இருக்கிறது என்கிறார் பெரியவர். கடினமாக இருக்கிறது என்கிறான் பையன். நீங்கள் முன்பு ஒரு புல்லட் எஞ்சினை வயல் பம்போடு சேர்த்தீர்களே, அதில் லாரி ரப்பரைப் போட்டீர்களா, டிராக்டர் ரப்பரையா? கனத்தோடு எழுதவும். போல்ட் எத்தனை என்றும் எழுதவும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்