பொறுப்பு ஒப்படைப்பு

தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாத் தெருவிலும் 24 மணி நேர மனநலக் காப்பகம் ஒன்று உண்டு. பெயர்ப் பலகை கிடையாது, அரசாணை கிடையாது. ஊழியர் ஒருவர்தான். மாத்திரை எடுத்துக் கொடுப்பது, கதவைத் தாழிட்டுக் காவல் கிடப்பது, சமைத்து ஊட்டுவது எல்லாம் அவரே. நிறுவனத்தின் பெயர் அம்மா. (உப்பிலும் தண்ணீர் பாட்டிலிலும் படமாக இருந்த அம்மா அல்ல. அதற்காவது நிதி ஒதுக்கினார்கள்.)

எங்கள் தெரு அக்காவுக்கு வயது 71, மகனுக்கு 44. கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த பையன். இருபது வயதில் காதுக்குள் குரல்கள் கேட்கத் தொடங்கின. சொந்தபந்தம் உடனே உதவிக்கு ஓடி வந்தது. செய்வினை என்றார் ஒருவர். குலதெய்வக் குற்றம் என்றார் இன்னொருவர். ஒரு கால்கட்டைப் போட்டால் தெளிந்துவிடுவான் என்று ஜாதகத்தோடு வந்தார் ஒரு பெரியப்பா. பெண் யார் வீட்டுப் பிள்ளை என்று அக்கா கேட்டதற்கு, "நம்ம வகையறா இல்லத்தா, கொஞ்சம் இல்லாதப்பட்ட இடம், கேள்வி கேக்க மாட்டாங்க" என்றார். சமுதாய ஆதரவு அத்தோடு முடிந்தது. அடுத்த தீபாவளியிலிருந்து அந்த வீட்டுக்குப் பலகாரத் தட்டுகூட வரவில்லை.

சரி, அரசு இருக்கிறதே. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது, மனநோயும் அதில் சேர்த்தி. 40 சதவீதம் பாதிப்பு என்று சான்று வாங்கினால் போதும். மனம் எத்தனை சதவீதம் உடைந்திருக்கிறது என்று அளக்க அளவுகோலும் உண்டு. தன்னைப் பேணிக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை என நான்குக்கும் மதிப்பெண் போடுவார்கள். எத்தனை ஆண்டாக நோய் என்பதற்கும் மதிப்பெண் உண்டு. மோசமாக எழுதியவன் பாஸாகிற ஒரே பரீட்சை.

பரீட்சைக்குப் போகிற நாளில் அக்கா விடியுமுன் எழுந்தார். மகனுக்குச் சவரம் செய்து, தலைக்கு ஊற்றி, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, நெற்றியில் விபூதி பூசி, இரண்டு பேருந்து மாறிக் கூட்டிப்போனார். மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார். "ஆளு நல்லாத்தானம்மா இருக்காரு?" 40க்குக் கீழே வந்துவிட்டது. ஒரு தாயின் 24 ஆண்டு உழைப்பை மகனுடைய ஆரோக்கியமாகக் கணக்கெழுதிவிட்டார்கள். வெளியே வரிசையில் நின்ற இன்னொரு தாய்தான் தொழில் ரகசியத்தைச் சொல்லிக்கொடுத்தார்: "அடுத்த தடவை ரெண்டு நாளைக்குக் குளிப்பாட்டாமக் கூட்டிட்டு வாங்கக்கா. அப்பத்தான் போடுவாங்க."

சான்று கிடைத்தவர்கள் மட்டும் வாழ்ந்துவிட்டார்களா? மத்திய அரசின் ஓய்வூதியப் பங்குக்கு வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், பாதிப்பும் 80 சதவீதம் இருக்க வேண்டும். இரண்டிலும் தேறியவருக்கு மாதம் 300 ரூபாய், 2012இல் நிர்ணயித்த தொகை. நாளுக்குப் பத்து. டீ விலை அதைத் தாண்டிப் போய்விட்டது. மாநிலம் தன் கையிலிருந்து சேர்த்துப் போடுவதால் இங்கே கொஞ்சம் மானம் பிழைக்கிறது. 2015 கடைசியில் டெல்லி மாற்றுத்திறனாளிகளுக்குத் 'திவ்யாங்' (தெய்வீக உடலுடையவர்) என்று பெயர் சூட்டியது. தெய்வமாக்கிவிட்டால் நல்ல வசதி. தெய்வத்துக்கு யாரும் சம்பளம் தருவதில்லை, உண்டியல்தான். மாற்றுத்திறனாளிகள் நாளான டிசம்பர் 3 அன்று பொன்னாடையும் சாப்பாட்டுப் பொட்டலமும் கொடுக்கிறார்கள். மேடைக்கு ஏழு படி, சாய்தளம் கிடையாது. சக்கர நாற்காலி வாங்க வந்தவரை நாலு பேர் தூக்கிக்கொண்டு போய் மேலே வைப்பார்கள். போட்டோவுக்கு அதுவும் நன்றாகத்தான் இருக்கும்.

தாயால் முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு மனநோயாளிகள் விடுதிக் கொட்டகை பற்றி எரிந்தது. சங்கிலியில் கட்டிக் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு நாடே பதறியது, விடுதிகளை மூடினார்கள். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை அறவே தடை செய்தது. செய்ய வேண்டியதுதான். ஆனால் "பெத்த பிள்ளையைக் கொண்டுபோய் அங்கே விட்டாளே, அவளெல்லாம் தாயா" என்று அன்று கேட்ட வாய்களில் ஒன்றாவது, அவள் ஏன் அங்கே போனாள் என்று கேட்டதா? அவள் ஊரில் மருத்துவர் இருந்தாரா, மாத்திரை இருந்ததா, ஒரு ராத்திரி அவள் தூங்க யாராவது முறை மாற்றினார்களா?

அதே 2017 சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. மருத்துவமனையில் கிடக்கத் தேவையில்லாதவர்கள் ஊருக்குள்ளேயே வாழ, இடைநிலை இல்லங்களையும் குழு இல்லங்களையும் 'நியாயமான காலத்துக்குள்' அரசு ஏற்படுத்த வேண்டும். எவ்வளவு காலம் நியாயம் என்று சட்டத்தில் எழுதவில்லை. அக்காவின் மூட்டு வலிக்கும் அது தெரியாது.

தமிழ்நாட்டில் அரசு ஊழியர் 60 வயதில் ஓய்வு பெறுவார். மாலை போட்டு, ஜீப்பில் ஏற்றி வீட்டில் விடுவார்கள். அதற்கு முன் சாவி, கோப்பு, பதிவேடு எல்லாவற்றையும் அடுத்தவரிடம் கணக்குச் சொல்லிப் பொறுப்பு ஒப்படைக்க வேண்டும். அக்காவும் அப்படியொரு பட்டியல் தயாராக வைத்திருக்கிறார், பழைய பிஸ்கட் டப்பாவில், கோணல்மாணலான எழுத்தில்:

வெள்ளை மாத்திரை காலையில். மஞ்சள் ராத்திரி, சாப்பிட்ட பிறகு. கோவமா இருந்தா தொடக் கூடாது, பேரைச் சொல்லிக் கூப்பிடணும். இடி இடிச்சா பயப்படுவான், பக்கத்துல உக்காரணும். தோசைன்னா ரெண்டு கூடச் சாப்பிடுவான்.

கீழே, பெற்றுக்கொள்பவர் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார்.