இரண்டு ஓட்டுக்குப் போன கோப்பை

தோற்றுப்போன இருபது அணிகளின் பெயர்களைப் போட்டுக் குலுக்கி, ஒன்றை மட்டும் எடுத்து, "நீங்கள் தோற்றது செல்லாது, வாருங்கள்" என்று கூப்பிடுவது எந்த ஊர் நியாயம்? சாட்சாத் இங்கிலாந்தின் நியாயம். கால்பந்துக்குச் சட்டம் எழுதிக் கொடுத்த ஊர். உலகின் மிகப் பழைய கால்பந்துக் கோப்பையான எஃப்.ஏ. கோப்பையை 1871 முதல் நடத்திவரும் கால்பந்துச் சங்கம், 1999 முடிகிற நேரத்தில் இந்த வேலையைச் செய்தது. அதற்கு 'அதிர்ஷ்டத் தோல்வியாளர்' என்று ஒரு பட்டமும் சூட்டியது.

நாக்-அவுட் போட்டிக்கு இருப்பது ஒரே ஒரு விதி. தோற்றால் வீட்டுக்குப் போ. கால்பந்தில் ஆஃப்சைடு புரியாதவர்கள் கோடிக்கணக்கில் இருக்கலாம், இந்த விதி புரியாதவர் எவரும் இல்லை. அதையும் காலில் போட்டு மிதிக்க வேண்டிய அவசியம் ஏன் வந்தது? மூன்றாவது சுற்றுக்கு 64 அணிகள் வேண்டும். கையில் இருந்தது 63. காணாமல் போன அறுபத்து நான்காவது அணி கோப்பையை வைத்திருந்த நடப்புச் சாம்பியன், மான்செஸ்டர் யுனைடெட்.

1999 மே மாதத்தில் லீக், எஃப்.ஏ. கோப்பை, ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் ஒருசேர அள்ளிய அணி அது. அடுத்த மாதக் கடைசியில், தான் வென்ற கோப்பையைக் காக்கப் போவதில்லை என்று அறிவித்தது. காயமா, தடையா, கடனா? எதுவும் இல்லை. ஜனவரியில் பிரேசிலில் ஃபிஃபா புதிதாக ஒரு கிளப் உலகப் போட்டி நடத்துகிறது, அதற்குப் போக வேண்டும். யார் போகச் சொன்னது? கோப்பையை நடத்துகிற சங்கமே சொன்னது. அரசாங்கமும் தோளில் கை போட்டுச் சொன்னது. 2006 உலகக் கோப்பையை இங்கிலாந்தில் நடத்த ஃபிஃபாவின் தயவு வேண்டும். ஃபிஃபா ஆரம்பிக்கும் புதுக் கடைக்கு ஐரோப்பியச் சாம்பியன் வந்து குத்துவிளக்கு ஏற்றாவிட்டால் பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்களே! யுனைடெட்டுக்குக் கோப்பையிலிருந்து விலக்குத் தரவும் சங்கம் தயாராக இருந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதையை நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். இங்கே வேலி பயிரைப் பிடுங்கி, கட்டாகக் கட்டி, விமானத்திலும் ஏற்றிவிட்டது.

கோப்பையின் முதல் வருடக் கதையை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். 1871-72 பருவத்தில் கிளாஸ்கோவின் குயின்ஸ் பார்க் அணி அரையிறுதியில் வாண்டரர்ஸுடன் கோல் இல்லாமல் சமன் செய்தது. மறு ஆட்டத்துக்காக லண்டனில் தங்கியிருக்கக் கையில் காசு இல்லை. விலகி ஊர் திரும்பினார்கள். வாண்டரர்ஸ் இறுதிக்குப் போய்க் கோப்பையையும் எடுத்தது. அன்றைக்கு ஓர் அணி விலகியது பயணச் செலவுக்குப் பணம் இல்லாததால். 1999ல் ஓர் அணி விலகியது ரியோவுக்கு டிக்கெட் இருந்ததால். நூற்றிருபத்தெட்டு வருட முன்னேற்றம்!

அரசாங்கத்தின் கூத்து தனி. விளையாட்டு அமைச்சர் டோனி பேங்க்ஸ் யுனைடெட்டைப் பிரேசிலுக்கு அனுப்பப் பாடுபட்டவர். ஜூலையில் அமைச்சர் பதவியை விட்டு, உலகக் கோப்பை முயற்சிக்கே சிறப்புத் தூதராகிவிட்டார். அவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்த கேட் ஹோய், யுனைடெட் தன் ரசிகர்களை மதிக்கவில்லை என்று கண்டித்தார். அதே கட்சி, அதே அமைச்சரவை. தொட்டிலை ஆட்டுவதும் பிள்ளையைக் கிள்ளுவதும் ஒரே வீட்டு ஆட்கள்.

குலுக்கலுக்கு வருவோம். 63 என்றால் ஓர் அணிக்கு ஆட்டம் இல்லாமல் அடுத்த சுற்று என்று முடித்திருக்கலாம். முதல் கோப்பையிலேயே அப்படித்தான் செய்தார்கள், யாருக்கும் மானம் போகவில்லை. இவர்களோ இரண்டாம் சுற்றில் தோற்ற இருபது பேரில் ஒருவருக்கு உயிர் கொடுத்தார்கள். அதிர்ஷ்டம் அடித்தது நான்காம் தட்டு அணியான டார்லிங்டனுக்கு. ஜில்லிங்ஹாமிடம் நேர்மையாகத் தோற்று மூட்டை கட்டியவர்கள், டிசம்பர் 11 அன்று ஆஸ்டன் வில்லாவின் மைதானத்தில் போய் நின்றார்கள். 2-1 என்று மறுபடி தோற்றார்கள். ஒரே கோப்பையில், ஒரே பருவத்தில், இரண்டு முறை வெளியேற்றம்! டார்லிங்டனைக் குறை சொல்ல மாட்டேன். கூப்பிட்டால் போகத்தானே வேண்டும். அந்தக் கிளப்பின் தலைவர் ஜார்ஜ் ரெனால்ட்ஸ் இளம் வயதில் இரும்புப் பெட்டகம் உடைத்துச் சிறை சென்றவர், பிறகு தொழிலில் பெரும்பணம் பார்த்தவர். ஆனால் அந்த வருடம் கால்பந்துச் சங்கத்தின் பெட்டகத்தை உடைத்தவர் அவர் இல்லை. சாவி வைத்திருந்தவர்களே திறந்து கொடுத்தார்கள்.

ஜனவரி முதல் வாரத்தின் திருவிழாவான மூன்றாவது சுற்று, கிறிஸ்துமஸுக்கு முன்பே நடத்தி முடிக்கப்பட்டது. ஆடுகிறவர்கள் கார் மெக்கானிக்காகவும் தபால்காரராகவும் இருக்கிற அணிகள், அந்த ஒரு சனிக்கிழமைக்காகத்தான் ஆகஸ்டிலிருந்து சேற்றில் புரள்கின்றன. ஃபிஃபாவுக்குப் பிரேசிலில் வெயில் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

சரி, போனவர்கள் என்ன சாதித்தார்கள்? மரக்கானாவில் முதல் ஆட்டம் மெக்சிகோவின் நெகாக்ஸாவுடன் 1-1. பெக்கமுக்குச் சிவப்பு அட்டை. அடுத்து வாஸ்கோ ட காமா. கேரி நெவில் பந்தைப் பின்னால் தட்டித் தட்டி ரொமாரியோவுக்குத் தானம் செய்ய, 3-1 தோல்வி. கடைசியில் ஆஸ்திரேலியாவின் சவுத் மெல்போர்னை 2-0 என்று வென்றதில் மானம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. பிரிவில் மூன்றாம் இடம். நீச்சல் குளத்தோரம் நன்றாக வெயில் காய்ந்துவிட்டு ஊர் திரும்பி, லீக்கை 18 புள்ளி வித்தியாசத்தில் வென்றார்கள். ஆக, யுனைடெட்டுக்கு நஷ்டம் இல்லை.

இத்தனை தியாகம் செய்து தொடங்கிவைத்த அந்தப் போட்டி என்ன ஆயிற்று? அடுத்தது 2001ல் ஸ்பெயினில் என்றார்கள். ஃபிஃபாவின் விளம்பர உரிமைகளை விற்ற கம்பெனி திவாலாக, போட்டி ரத்து. 2005 வரை ஆளே இல்லை. குத்துவிளக்கு ஏற்றிய மறுநாளே கடையைப் பூட்டிவிட்டார்கள்.

யுனைடெட்டைப் பிரேசிலுக்கு அனுப்பிய ஏற்பாட்டைத் 'தேச நலன்' என்று சொன்ன சங்கத்தின் கையும் சுத்தமில்லை. 1998 கடைசியில்தான் அதன் தலைமை நிர்வாகி கிரஹாம் கெல்லி பதவி விலகியிருந்தார். தலைவர் கீத் வைஸ்மனும் பின்னாலேயே போனார். வேல்ஸ் சங்கத்துக்கு 32 லட்சம் பவுண்டு கடன் கொடுத்து, பதிலுக்கு ஃபிஃபா பதவிக்கு ஆதரவு தேடிய விவகாரம். ஓட்டுக்குத் துட்டு கொடுப்பது நம் கண்டுபிடிப்பு என்று இனி யாரும் பெருமை பேச வேண்டாம்.

அந்தப் பருவக் கோப்பையின் இறுதி ஆட்டம் 2000 மே 20 அன்று, இடிக்கப்படவிருந்த பழைய வெம்ப்லியில். டார்லிங்டனை வென்ற வில்லா ஒரு பக்கம், செல்சி மறுபக்கம். வில்லா கோல்கீப்பர் டேவிட் ஜேம்ஸ் பந்தைப் பிடிக்கத் தவற, செல்சியின் டி மாட்டியோ உள்ளே தள்ளினார். 1-0. அந்த அரங்கின் கடைசிக் கோப்பை இறுதி, தூக்கம் வரவழைக்கும் ஆட்டம்.

உண்மையான இறுதி ஆட்டம் ஜூலை 6 அன்று ஜூரிக்கில். 2006 உலகக் கோப்பைக்கு ஃபிஃபா நிர்வாகக் குழுவின் வாக்கெடுப்பு. முதல் சுற்றில் இங்கிலாந்துக்கு 5 ஓட்டு. இரண்டாம் சுற்றில் 2. வெளியே. ஜெர்மனி 12-11 என்று தென்னாப்பிரிக்காவை முந்தியது. அங்கே தோற்றவர்களைக் குலுக்கிப் போட்டு யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. பத்து வருடம் கழித்து, 2010 டிசம்பரில், 2018 உலகக் கோப்பைக்கு இங்கிலாந்து மறுபடி கை நீட்டியது. கிடைத்த ஓட்டு அப்போதும் 2.

பாடம் படித்தார்களா என்று கேட்காதீர்கள். 2024 ஏப்ரலில் அதே சங்கம் பிரீமியர் லீக்குடன் உட்கார்ந்து பேசி, முதல் சுற்று முதல் மறு ஆட்டங்களையே ஒழித்தது. எங்களை ஒரு வார்த்தை கேட்டீர்களா என்று கீழ்த்தட்டுக் கிளப்புகள் கொதித்தன. பெரிய கிளப்புகளுக்கு நாள் போதவில்லையாம். ஐரோப்பியப் போட்டிகள் பெருத்துவிட்டனவாம். மறு ஆட்டம் என்றால் சின்ன அணிக்குச் சோறு. 2005ல் கடனில் தத்தளித்த, ஐந்தாம் தட்டில் இருந்த எக்ஸிட்டர் சிட்டி, யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் 67,551 பேர் முன்னால் கோல் இல்லாமல் சமன் செய்தது. அந்த வசூலின் பங்கும் அடுத்து சொந்த ஊரில் நடந்த மறு ஆட்டமும்தான் அந்தக் கிளப்பைக் கரை சேர்த்தன.

2025 ஜனவரி 12 அன்று ஐந்தாம் தட்டு டாம்வொர்த், தன் சின்னஞ்சிறு மைதானத்தில் டோட்டன்ஹாமை 90 நிமிடமும் 0-0 என்று நிறுத்தியது. பழைய விதிப்படி மறு ஆட்டம் லண்டனில், 62,000க்கும் மேற்பட்டவர் உட்காரும் அரங்கில் நடந்திருக்கும். புதிய விதிப்படி அரை மணி நேரம் கூடுதலாக ஓடவிட்டார்கள். பகுதிநேர ஆட்டக்காரர்களின் கால் ஓய்ந்தது, 3-0. இன்னொரு செவ்வாய்க்கிழமை ஆட முடியாத அளவுக்கு டோட்டன்ஹாமுக்கு அசதியா? 2024 மே மாதம் லீக் முடிந்த மூன்றாம் நாளே, நியூகாஸிலுடன் ஒரு காட்சிப் போட்டி ஆட மெல்போர்னில் போய் இறங்கிய அணி அது.

ஒவ்வொரு ஜனவரியும் தொலைக்காட்சியில் 'கோப்பையின் மாயாஜாலம்' என்று உருக்கமாக விளம்பரம் போடுவார்கள். அதைப் பார்க்கிறபோது கண் கலங்காதீர்கள். டாம்வொர்த்துக்குக் கிடைக்காமல் போன பணம் எவ்வளவு என்று கேளுங்கள்.